உப்புப் பாடம், இரண்டாம் முறை

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய மிக்கேலாவுக்கு,

சுதந்திரம் வந்துவிட்டது. நீ பார்க்காத கொடியைப் பள்ளிக்கூட வாசலில் ஏற்றி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். ரேஷன் வரிசை அப்படியே இருக்கிறது. உப்பளத்துப் பிள்ளைகளின் கால் புண்ணும் அப்படியே இருக்கிறது.

நம் சனிக்கிழமைக் கூட்டமும் நடக்கிறது. மாதம் ஒரு தடவை அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் கூடுகிறோம். ஒருத்தி மாதிரிப் பாடம் நடத்த, மற்றவர்கள் குறை சொல்ல வேண்டும். நீ போன பிறகு யாரும் குறை சொல்வதில்லை. "நல்லாருந்துச்சு டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுகிறார்கள். புது ஆசிரியைகளைப் பழக்கும் பொறுப்பை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சிரிக்கிறாயா?

என் உப்புப் பாடத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கூட்டத்துக்கு இன்ஸ்பெக்டரம்மா வருகிறார் என்று, கிழிந்த பாவாடையோடு வரும் உப்பளத்துப் பிள்ளைகளை மட்டும் அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளை உப்பு. எதிரே எண்ணெய் தடவி வாரிய தலைகள். கேள்விக்கு முன்பே பதில் வந்தது. இன்ஸ்பெக்டரம்மா தலையாட்டினார். நீ எழுந்தாய்.

"ஏளா, உப்புப் பாடத்துல உப்பளத்துப் பிள்ளைகளையே காணோமே? மீனை எடுத்துட்டு மீன்கொழம்பு ஊத்துதியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாடத்தைப் பாதியில் விட்டு வெளியே போய்விட்டேன். அன்று முதல் நான் உன்னோடு பேசவில்லை. காய்ச்சலில் உன்னைச் சேர்த்த அன்று ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தேன். எழுந்து வந்து அவளே முதலில் பேசட்டும் என்று திரும்பிவிட்டேன். நீ எழுந்து வரவில்லை; உன்னைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். யார்மேல் கோபம் இது, இத்தனை நாள்?

நேற்று அதே பாடத்தை மறுபடி நடத்தினேன். உப்பளத்துப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்தேன். யாருக்கும் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"பாத்தியில கடல்தண்ணி நிக்கி. அதை உப்பாக்குறது யாரு?" என்றேன்.

"வெயிலு!" என்றார்கள். பலகையில் எழுதினேன்.

செல்லக்கனி எழுந்தாள். எட்டு வயசு. "வெயில் சும்மா காயுது டீச்சர். எங்கம்மைல்லா வாருதா! சுமக்கதும் அவதான். வெயிலா சுமக்குது?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "சரி, உக்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

பாடம் முடிந்தது. குறை சொல்லுங்கள் என்றேன். "நல்லாருந்துச்சு" என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். அத்தனை பேர் நடுவில் அவ்வளவு தனியாக நான் நின்றதே இல்லை. உன் குரல் வரும் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த மூலையிலிருந்து முத்துலட்சுமி எழுந்தாள், போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவள்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதீங்க. வெயிலைப் பலகையில எழுதுனிய. அவ அம்மையை எழுதலையே? உக்காருன்னு சொல்லிட்டுப் போயிட்டியளே."

பெரிய டீச்சர் அவளை முறைத்தார். என் முகம் அன்றைக்குப் போலவே எரிந்தது. பிள்ளைகளை உள்ளே விட்டேன்; அவர்கள் வாயை வெளியே விட்டுவிட்டேன். அதைப் பார்க்க இன்னொருத்தி வேண்டியிருந்தது.

இந்தத் தடவை நான் வெளியே போகவில்லை. "நீ சொன்னது சரி, முத்துலட்சுமி. வேற குறை இருக்கா?" என்றேன். நடுவரிசையில் இரண்டு கைகள் உயர்ந்தன. காப்பி ஆறிப்போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் உன் தெருமுனையில் என்னை அறியாமல் நின்றேன். சங்கு குளிக்கப் போன உன் அப்பா அப்போதுதான் கரையேறி வந்துகொண்டிருந்தார். "யாரைப் பாக்க வந்த மவளே?" என்றார்.

நாளை திங்கள். வகுப்பில் முதல் வேலையாகப் பலகையில் 'வெயில்' என்று எழுதி, அதன் பக்கத்தில் செல்லக்கனியின் அம்மா பெயரை எழுதுவேன். அந்தப் பெயர் எனக்குத் தெரியாது, மிக்கேலா. மூன்று வருஷமாக அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிறேன். அவளிடமே கேட்டு எழுதுவேன்.

அன்று உன்னிடம் சொல்லாததை இன்று சொல்கிறேன்: நீ சொன்னது சரி.

உன்னோடு பிறக்காத, உன்னிடம் தோற்ற அக்கா,
பேச்சியம்மாள்