நாயுடுபேட்டையிலிருந்து வந்த நிரல்

செப்டம்பர் 2, செவ்வாய்

திருப்பதி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ தூங்கிக்கொண்டு வந்தார். தாமோதரன் இருந்திருந்தால் புத்தலப்பட்டு தாண்டுவதற்குள் இன்றைய பாடத்தைக் குறை சொல்லி முடித்திருப்பார். எத்தனையோ வருடம் ஒரே கல்லூரி, ஒரே பஸ். மனைவி இறந்த பிறகு அவருக்கும் பேச வேறு ஆள் இல்லை. கல்யாணமே வேண்டாம் என்றவள் நான். ஜூனில் அவர் ஸ்ரீசிட்டி கம்பெனி வேலைக்குப் போய் நாயுடுபேட்டையில் வீடு எடுத்துவிட்டார். அவருடைய ஹாஸ்கெல் புரோகிராமிங் பாடம் இப்போது என் தலையில்.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு பஸ் சீட்டுக்காக ஏங்குவதா?

செப்டம்பர் 4

ஒரு ஃபங்ஷனையே இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுப்பது — இன்று அதுதான் பாடம். பட்டியலில் எல்லா மதிப்பெண்ணோடும் ஐந்து கூட்ட வேண்டும். 'மேப்' என்ற ஃபங்ஷனிடம் ஐந்து கூட்டும் ஃபங்ஷனைக் கொடுத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் அதுவே போட்டுக்கொள்ளும். பாதி வகுப்பு தானே ஒரு எண்ணுக்குக் கூட்டி, வந்த விடையைக் கொடுத்தது. கம்பைலர் ஏற்கவில்லை. என் விளக்கம் யாருக்கும் ஏறவில்லை.

செப்டம்பர் 5

தாமோதரனுக்கு மெசேஜ். எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் போனது: "மேப் பாடத்துக்கு நீங்கள் வைத்திருந்த உதாரண நிரல் வேண்டும்."

செப்டம்பர் 6

வந்தது. சுத்தமான நிரல், ஓட்டிப் பார்த்த விடைகளோடு. வேறு ஒரு வரி இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது. பிறகு ஏன் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

செப்டம்பர் 8, திங்கள்

அதை வைத்து மறுபடி நடத்தினேன். நகரியிலிருந்து வரும் கீர்த்தி சிரித்துவிட்டாள். "சமையல்காரர அனுப்பச் சொன்னா, நாம கேரியர் சாப்பாட்ட அனுப்பிக்கினு இருந்தோம் மேடம். ஆள் போனா, அங்க எத்தினி அரிசி இருந்தாலும் ஆக்கிடுவாரு." வகுப்புக்குப் புரிந்தது.

நான் போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆளைக் கேட்காமல் கேரியரைக் கேட்டவள் நான்தானே.

செப்டம்பர் 9

போன் செய்தேன். பாடம் நன்றாகப் போனது என்றேன்.

"அதுக்கா போன் பண்ணீங்க, சுலோச்சனா மேடம்? இன்னொரு நிரல் வேணுமா?"

நிரல் வேணாம், நீங்க வாங்க — சொல்லிட்டேன். எப்படிச் சொன்னேன்?

அந்தப் பக்கம் லாரி சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "இத்த கேக்க மூணு மாசமா?"

செப்டம்பர் 21, ஞாயிறு

வந்தார். லேப்டாப் கொண்டுவரவில்லை. ரசத்தில் புளி அதிகம் என்றார். இரண்டு முறை வாங்கிக்கொண்டார். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பியவரை வாசல்வரை போய் அனுப்பினேன். எதிர்வீட்டு அம்சவேணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, யாரு அது? காலேஜ் வேலையா வந்தாரா?"

இப்படிக் கேட்பவர்களுக்கு என்னிடம் எப்போதும் 'காலேஜ் வேலைதான்' என்ற பதில் தயாராக இருக்கும்.

"இல்ல. என்னப் பாக்க வந்தாரு."