கல் ஆமை வரை நடக்கிறவனுக்கு

அன்பு மாதேசா, என் தங்கைக்கு மாலையிட்டவனே,

நீ போன பிறகு பாகலூர் ஏரி ஒருமுறை நிரம்பி, ஒருமுறை வெடித்துக் காய்ந்து, இப்போது மறுபடியும் பாதிக்கு நிற்கிறது. உன் செவலை மாடு கன்று போட்டிருக்கிறது. ஓசூர் பட்டுப்பண்ணையில் என்னை மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். முடியாததால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும், ஆனால் இது உனக்குத்தான்.

நான் ஜப்பானுக்குப் போய் வந்தேன், தெரியுமா? உனக்குத் தெரியாமல் இருக்காது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

ஜப்பான் தோற்றுச் சண்டை முடிந்ததும் பட்டாளம் உன்னை அங்கே அனுப்பியது. மாட்சுயே என்ற ஊரில் காவல் வேலை. திரும்பி வந்து மாட்டு வியாபாரத்தில் இறங்கினாய். குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்த ஊரைப் பற்றித்தான் பேசுவாய். சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கே நீ நடக்கிற வழி ஒன்று இருந்ததாம்.

"மொதல்ல கோட்டை, மச்சான். முழுக்க மரம், காக்கா மாதிரி கறுப்பு. அதுக்குப் பொறத்தால நரிக் கோயிலு. எங்க பாத்தாலும் கல்லு நரிங்க, மூஞ்சியெல்லாம் மழையில கரைஞ்சி போயிருக்கும். அப்பறம் அகழி, பாலம், அந்தக் காலத்து வீரருங்க இருந்த தெரு. கடைசியா ராஜாக்களோட சமாதிக் கோயிலு. அங்க ஒரு கல்லு ஆமை. தலையே நம்ம ஒசரம். முதுவு மேல பெரிய தூணு."

"ஆமைக்கு எதுக்குத் தூணு?" என்று கேட்டேன்.

"அது எழுந்து ஊருக்குள்ள நடந்துச்சாம். நடக்கக் கூடாதுன்னு பாரம் ஏத்திட்டாங்க."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அப்படிப் போன ஒரு சந்தையில்தான் முரட்டு எருது ஒன்று உன் இடது காலை மிதித்தது. அதன் பிறகு ஒரு காலை ஊன்றி மறு காலை இழுத்துத்தான் நடந்தாய்.

மிச்சக் கதையைக் காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களில்தான் சொன்னாய். ஜெயம்மா கஞ்சி கொண்டுவர உள்ளே போயிருந்தாள். "அந்த வழியில என் பின்னாடியே ஒருத்தன் வருவான், மச்சான். மரச் செருப்பு. டக்கு டக்குன்னு. நான் நின்னா நிப்பான். திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. கப்பல் ஏறுனதோட விட்டுட்டான்னு நெனச்சேன்."

"விடலியா?"

"இங்கியே வந்துட்டான். வேலிகிட்ட நிக்கறான் பாரு."

பார்த்தேன். வேலிதான் இருந்தது. காய்ச்சல் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கார்த்திகையிலேயே நீ போய்விட்டாய்.

உனக்குக் கருமாதி முடிந்த வாரம் ஜெயம்மா ஓசூருக்கு வந்து என்னிடம் கேட்டாள். "அண்ணா, வெளக்கு வெக்கற நேரத்துக்கு நம்ம தெருவுல யாரோ கட்டையில நடக்கறாங்க. ஊட்டுக்கு நேரா வந்து நிக்குது. அப்பறம் போயிடுது. யாருண்ணா அது?" அவளிடம் நீ எதையும் சொன்னதில்லை. நானும் அதுவரை சொன்னதில்லை.

நானே வந்து கேட்டேன், மாதேசா. உங்கள் தெரு புழுதித் தெரு. மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. ஆனால் கல்லில் கட்டை படுகிற சத்தம் கேட்டது. தெருவில் ஒரு கல்கூட இல்லை. அன்றுதான் நீ காய்ச்சலில் சொன்னதை ஜெயம்மாவிடம் சொன்னேன்.

உன் அண்ணன் சும்மா இருப்பாரா? மிளகாயைச் சுட்டுப் புகை போட்டார். வேப்பிலைக்காரனைக் கூட்டிவந்தார். கோழி அறுத்தார். சத்தம் நிற்காததால் கோபம் ஜெயம்மா மேல் திரும்பியது. "பேடப்பா, வேணாம், இனிமே முடியாது. இவ தலைக்குள்ளதான் அது நடக்குது. உன் ஊட்டுக்கே கூட்டிக்கினு போயிடு" என்று என்னிடம் சொன்னார். "நீங்களும்தான கேட்டீங்க மாமா?" என்றாள் ஜெயம்மா. அவர் எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து இருட்டுவதற்கு முன்பே தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் பட்டுப்புழு வளர்ப்புப் பயிற்சிக்கு என்னை ஜப்பானுக்கு அனுப்ப முடிவாயிற்று. செய்தி கேட்டதும் ஜெயம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன அங்கியே கொண்டுபோயி உட்டுட்டு வாண்ணா."

"எப்பிடிம்மா கூட்டிக்கினு போறது?"

"எனக்கென்ன தெரியும்? கெளம்பறப்ப வான்னு சொல்லு. வருவான்."

சொன்னேன். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உன் வாசலில் நின்று, யாரும் இல்லாத வேலியைப் பார்த்து, வெட்கத்தோடு "வா" என்றேன்.

பயிற்சி வேறொரு ஊரில். அங்கே எழுத்தராக இருந்த ஒகாடா என்பவருக்கு ஆங்கிலம் தெரியும். அவருடைய அக்கா வீடு மாட்சுயேயில் இருந்ததால் ஒரு விடுமுறைக்கு என்னையும் அழைத்துப் போனார். ரயிலை விட்டு இறங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. தெருவெல்லாம் மரச் செருப்புச் சத்தம். இத்தனை பேர் நடுவில் எவனை நான் இறக்கிவிடுவது?

நீ சொன்ன வழியிலேயே ஒகாடாவோடு நடந்தேன். தூறல். பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. கோட்டை நீ சொன்னது போலவே கறுப்பு. நரிக் கோயிலில் யாருமில்லை. முகம் கரைந்த நரிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. கண் இல்லாத கல் எப்படிப் பார்க்கும்? ஆனாலும் பார்ப்பது போலிருந்தது. பாலத்தைத் தாண்டி அந்த வீரர்கள் தெருவுக்கு வந்தோம். நெடுஞ்சுவர்கள், அகழிப் பக்கம் சாய்ந்த பைன் மரங்கள். ஆள் நடமாட்டமே இல்லை.

அங்கேதான் கேட்டது. மரச் செருப்பு இல்லை. ஆணி அடித்த பட்டாளத்துப் பூட்ஸ். ஒரு கால் ஊன்றி, மறு கால் இழுத்து.

நின்றேன். அதுவும் நின்றது. ஒகாடாவைப் பார்த்தேன். அவர் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். உன் பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. கூப்பிட்டிருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாயா? எனக்குத் தைரியமில்லை, மாதேசா. திரும்பிப் பார்க்காமலே நடந்தேன். சத்தமும் கூடவே வந்தது. அந்த ஊரில் இருந்தபோது உனக்குக் கால் நன்றாகத்தானே இருந்தது? குந்தாரப்பள்ளியில் பட்ட காயத்தோடு அங்கே யார் நடப்பது?

சமாதிக் கோயில் வாசலுக்கு எதிரே ஒரு சின்ன டீக்கடை. வெளியே மர பெஞ்சில் ஒரு கோப்பை ஆவி பறக்க இருந்தது. அதன் பக்கத்தில் உட்காரப் போனேன். உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடிவந்து தடுத்தாள். நாற்பது வயது இருக்கலாம். ஒகாடா அவள் பேச்சைத் தயங்கித் தயங்கி எனக்குச் சொன்னார்.

"அது வேறொருவர் இடமாம். கொஞ்ச காலமாக மாலையில் ஒரு சிப்பாய் வருகிறாராம். பூட்ஸ் சத்தம் மட்டும்தான். முன்பு இங்கே இருந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் நிமிர்ந்து நடப்பார்களாம். இவர் காலை இழுக்கிறார், களைத்திருக்கிறார், அதனால் டீ வைக்கிறேன் என்கிறாள்."

எப்போதிலிருந்து என்று கேட்கச் சொன்னேன். அவள் சொன்ன மாதம் நம் கணக்கில் நீ இறந்த கார்த்திகை.

பிறகு நான் கேட்காமலே தன் கதையைச் சொன்னாள். அவள் புருஷன் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. சண்டை முடிந்த பிறகு, மாலையில் அவனுடைய மரச் செருப்புச் சத்தம் மட்டும் கடை வாசலுக்கு வரும். வெளிநாட்டுப் பட்டாளம் கப்பல் ஏறிய வாரம் அது நின்றுபோனது. "போய்ச் சேர்ந்துவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்" என்றாள். உன் வாசலில் நான் "வா" என்று கூப்பிட்டும், வழி நெடுக என் பின்னால் மரச் செருப்பு கேட்கவே இல்லை; அவன் என்னோடு வரவில்லை.

"அவர் எங்கள் ஊரில் நடக்கிறார்" என்றேன்.

ஒகாடா என்னை உற்றுப் பார்த்தார். "இதை நான் சொல்லத்தான் வேண்டுமா?"

"சொல்லுங்கள்."

அவர் சொன்னார். அவள் அழவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கோப்பையை நேராக நகர்த்தி வைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "அவருக்குத் தண்ணீர் கொடுக்கிறீர்களா?"

எனக்கு மிளகாய்ப் புகை ஞாபகம் வந்தது. "கொடுப்போம்" என்றேன். அவர்கள் பேச்சில் கொடுக்கிறோம், கொடுப்போம் இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்று ஒகாடா பிறகு சொன்னார். அவள் எதைப் புரிந்துகொண்டாளோ, எழுந்து எனக்குத் தலை தாழ்த்தி வணங்கினாள். கோயிலுக்குள் போய் ஆமையைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் கிளம்பியபோது பெஞ்சிலிருந்த கோப்பையில் ஆவி அடங்கியிருந்தது.

திரும்பி வந்ததும் நேரே பாகலூருக்குத்தான் வந்தேன். ஜெயம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  முடிந்ததும், "அங்க அவருக்கு டீ வெக்கறாங்களா?" என்றாள்.

"வெக்கறாங்க."

"சக்கர போட்டா?"

"அங்க சக்கர போடமாட்டாங்கம்மா. பச்சையா, கசப்பா இருக்கும்."

"கசந்தா அவரு குடிக்க மாட்டாரேண்ணா" என்று சொல்லிவிட்டு அழுதாள். நீ போன அன்று கூட அப்படி அழவில்லை.

அன்று சாயங்காலம் செம்பில் தண்ணீர் எடுத்து வாசலில் வைத்தாள். கட்டைச் சத்தம் வந்தது. நேராக வந்து நின்றது. நாங்கள் கதவைச் சாத்தவில்லை. வேலியோரம் பூனை முதுகைத் தூக்கிக்கொண்டு சீறிவிட்டு, பிறகு அங்கேயே படுத்துக்கொண்டது. சத்தம் போன பிறகு பார்த்தால் செம்பு காலி. "நாய் குடிச்சிருக்கும்" என்றார் உன் அண்ணன். நாய் நக்கிய செம்பு கவிழாமலா இருக்கும்?

இப்போது அவள் பயப்படுவதில்லை. தினமும் வைக்கிறாள். போன மாதம் அவளுக்கு உடம்பு முடியாமல் ஓசூரில் என்னோடு இருந்தாள். தண்ணீர் யார் வைப்பது என்று தவித்துக்கொண்டு பாகலூருக்கு ஓடிவந்தேன். உன் அண்ணன் வாசலில் செம்போடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "எவனோ, பாவம், நம்ம ஊட்ட நம்பி வர்றான்" என்றார். அதன் பிறகு ஜெயம்மாவைக் கூட்டிப்போகச் சொல்லவே இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்களையெல்லாம் விட்டுவிட்டு அங்கே போய் நடக்க உனக்கு என்ன இருந்தது? உன் பின்னால் வந்தவன் உன்னிடம் என்ன கேட்டான்? அவனுக்குப் பதிலாக நீ போனாயா? இல்லை, உனக்கு அந்த வழி அவ்வளவு பிடித்திருந்ததா? ஜெயம்மா இதைக் கேட்பதில்லை. நான்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

திரும்பி வா என்று உன்னைக் கூப்பிட மாட்டேன். வந்தால் அந்தப் பெண்ணின் பெஞ்சு வெறிச்சோடிவிடும். எங்கள் மூன்று பேரில் ஒருவர் இருக்கிறவரை உன் வாசலில் தண்ணீர் இருக்கும், இது சத்தியம். நீ அங்கே அந்த டீயை ஆறவிடாதே. கசந்தாலும் குடி.

இப்படிக்கு,
உன் மச்சான், ஜெயம்மாவின் அண்ணன்,
திம்மராயன்