ஓரச் சிப்பாயும் கறுப்பு மூலையும்

2.3.86 ஞாயிறு

பதுளையில் நல்ல வெயில். நமுனுகுல ஏற ஏற மூடுபனி. பஸ்ஸில் நின்றபடியே வந்தேன், கால் வலி.

நளீம் நானாவுடன் (ந.நா.) செஸ் ஆட்டம் ஐந்து மணி நேரம். முடியவில்லை. அடுத்த ஞாயிறு தொடர்ச்சி. அவர் தன் அடுத்த நகர்வை எழுதி உறையில் போட்டு ஒட்டினார். உறை கிளப் செயலாளர் மாஸ்டரின் அலுமாரியில். இனி அதை யாரும் மாற்ற முடியாது.

மிச்சம்:
அவருக்கு – ராஜா, பிஷப், இரண்டு சிப்பாய். ஒன்று பலகையின் ஓரக் கோட்டில், மற்றது அதற்கு உள்பக்கம், அருகிலேயே.
எனக்கு – ராஜா, குதிரை.

அரைப் புள்ளி போதும் எனக்கு. டிரா என்றால் கண்டிக்குப் போகும் பதுளை அணியில் கடைசி இடம் என்னுடையது. தோற்றால் ந.நா.வுடையது. தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த ஒருவன்கூட அந்த அணியில் இதுவரை இல்லை.

ந.நா.வின் தம்பி குவைத்திலிருந்து செஸ் மிஷின் கொண்டுவந்திருக்கிறார். கிளம்பும்போது அதை என் கையில் திணித்தார்.

"மூணு நாள் ஒங்ககிட்ட, மூணு நாள் எங்கிட்ட. தராசு ரெண்டு தட்டும் ஒண்டா ஈக்கணும் தம்பி."

3.3 திங்கள்

காலையில் தேயிலை ஃபாக்டரியில் டிரையர் பெல்ட் அறுந்தது. மாற்ற ஒன்றரை மணி நேரம். ஃபாக்டரிப் பொறுப்பாளர் டீமேக்கர் ஐயா தலைமேல் நின்று நச்சரிப்பு. பெல்ட் என்ன, அவர் முறைத்தால் ஒட்டிக்கொள்ளுமா?

மிஷின் அருமை! காயை அழுத்தி வைத்தால் சிவப்பு விளக்கு. யாருக்கு எவ்வளவு லாபம் என்று இலக்கம். ஃபாக்டரி கரண்ட் ஏறி இறங்குகிறது, அதில் செருகவில்லை. டோர்ச் பேட்டரி ஆறு.

நிலையை வைத்தேன். வெள்ளைக்கு (ந.நா.) 2.4 லாபம்.

4.3 செவ்வாய்

எதைச் செய்தாலும் இலக்கம் ஏறுகிறது. 2.6. 2.9. குதிரையைக் கொடுத்து உள்சிப்பாயை எடுத்துப் பார்த்தேன்: 4.2. படுமோசம். அந்த வழியை நோட்டுக் கொப்பியில் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

தங்கச்சி செல்வி எட்டிப் பார்த்தாள். "பொட்டி என்னண்ணே சொல்லுது?"

"தோத்துட்டேன்னு சொல்லுது."

"இதுக்கு ஆறு பேட்டரியா? உன் மூஞ்சியப் பாத்து நானே சொல்லிருப்பேனே."

சரி. தோற்ற ஆட்டத்துக்குப் பஸ் ஏறி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்குவானேன்?

5.3 புதன்

காலை எட்டுக்கு, டவுனுக்குப் போகும் தோட்டத்துத் தபால்காரர் பெருமாள் அண்ணனிடம் மிஷினையும் ந.நா.வுக்கு ஒரு கடிதத்தையும் கொடுத்தனுப்பினேன். இரண்டே வரி. தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஞாயிறு வரமாட்டேன்.

பத்தரைக்குத் தேத்தண்ணி இடைவேளை. வேலை மேசையில் எண்ணெய்த் தூசியில் கட்டம் கீறி, நட்டும் போல்ட்டும் வைத்து, அடித்த வழியைச் சும்மா பார்த்தேன். குதிரை போச்சு, உள்சிப்பாய் போச்சு. அவருக்கு மிச்சம் பிஷப்பும் ஓரச் சிப்பாயும். சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டம் மூலை. மூலை என்ன நிறம்?

கறுப்பு. கறுப்பு!

அவர் பிஷப் வெள்ளைக் கட்டத்தில் மட்டுமே ஓடும். என் ராஜா மூலையில் உட்கார்ந்துவிட்டால் அதால் விரட்டவே முடியாது. நெருக்கினால் எனக்கு நகர இடமில்லை, டிரா. நெருக்காவிட்டாலும் டிரா. மிஷின் காயை எண்ணியது, மூலையைப் பார்க்கவில்லை. நானும் காயைத்தான் எண்ணினேன், முட்டாள்.

கத்தியேவிட்டேன். ரோலர் பக்கமிருந்து குரல்: "என்னய்யா, கரண்ட் அடிச்சிருச்சா?"

பிறகுதான் கடித ஞாபகம்.

மாலை பஸ்ஸடியில் காத்திருந்து பெருமாள் அண்ணனைப் பிடித்தேன். "கையிலயே குடுத்துட்டேன் தம்பி. அங்கனயே பிரிச்சுப் படிச்சாரு. எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு."

டீ!

6.3 வியாழன்

லீவு போட்டேன். முதல் பஸ். ந.நா.வின் புடைவைக் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன்.

கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். மீட்டர் கோலால் சுவரைக் காட்டினார். பலகை: 'விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது.'

"ஏன் எழுதினீங்க செல்லுங்க?"

"உங்க மிஷின நம்பி எழுதினேன் நானா. அது பிழை."

"எங்கட சாமான்ல பழுதா? காட்டுங்க. பழுதுண்டா திருப்பி எடுப்பேன்."

காட்டினால் என் கண்டுபிடிப்பு முழுக்க அவருக்குத் தெரிந்துவிடும். காட்டாவிட்டால் ஆட்டமே இல்லை. காட்டினேன். சீத்தைத் துணிச் சுருள்களைத் தள்ளிவிட்டு மேசையில் பலகை. மிஷினுக்குப் பிஷப், ஓரச் சிப்பாய். எனக்கு மூலையில் ராஜா மட்டும். அது பிஷப்பை அங்கும் இங்கும் ஓட்டுகிறது. 4.2, 4.2, 4.4. இருபது நகர்வு. ஒன்றும் நடக்கவில்லை, இலக்கம் மட்டும் குறையவில்லை.

துணி வாங்க வந்த அக்கா: "மொதலாளி, வெட்டித் தர்றீங்களா இல்லியா?"

"பொறுங்க தங்கச்சி. இஞ்ச ஒரு ராஜா மவுத்தாக மாட்டேங்கிறார்."

வயிறு குலுங்கச் சிரித்தார். நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "உறையில உள்சிப்பாயத் தள்ளியிருந்தா நான் தோத்தேன் நானா. குதிரை அத எடுத்தா, ஓரச் சிப்பாய் குதிரைய எடுத்துட்டு உள்ள வந்துரும். அப்ப மூலை உதவாது. வேற எத எழுதியிருந்தாலும் டிரா."

சிரிப்பு நின்றது. மீட்டர் கோலைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை. பிறகு மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"ஞாயிறு நேரத்துக்கு வாங்க."

7.3 வெள்ளி

சிரிப்பு ஏன் நின்றது? வெல்லும் நகர்வை எழுதியவர் ஏன் முகம் மாற வேண்டும்? டிராவாகும் நகர்வு என்றால் கடிதத்தை ஏன் தர வேண்டும்? இரண்டும் பொருந்தவில்லை.

போயிலர் வால்வ் ஒழுகுகிறது. நாளை பார்க்க வேண்டும்.

8.3 சனி

வால்வ் சரி. நான் சரியில்லை. சோற்றுத் தட்டிலும் விரலால் கட்டம் கீறினேன். செல்வி: "பொட்டி போயும் பேய் போகல."

9.3 ஞாயிறு

மாஸ்டர் உறையைக் கிழித்தார். கண்ணாடியைத் தேடினார். பொறுமை போச்சு எனக்கு. வாசித்தார்: ஓரச் சிப்பாய், ஒரு கட்டம்.

ஓரம்! ந.நா.வைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமையே தெரியும் மனிதருக்கு. தெரிந்துதான் லாச்சியைத் திறந்திருக்கிறார்.

உள்சிப்பாயைக் குதிரையால் எடுத்தேன். பதினான்காவது நகர்வில் என் ராஜா மூலையில், நகர இடமில்லை. டிரா.

கையைப் பிடித்துக் குலுக்கினார். "கண்டிக்கு இந்த எண்ணெக் கறைச் சேட்டோடயா போறீங்க? நாளைக்குக் கடைக்கு வாங்க. நல்லதா ஒண்டு தாறேன்."

அந்தச் சட்டையை மட்டும் திருப்பி எடுக்கமாட்டாராம்.