ஓட்டிப் பார்க்க வந்தவர்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பேரும் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுகிறோம், இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது நல்லதாகப் போயிற்று. எழுதும்போது அழுதால் உனக்குத் தெரியாது பார். இப்போது அழவில்லை. குட்டி தூங்கிவிட்டாள், பாத்திரம் கழுவியாயிற்று, இவர் குறட்டை விடுகிறார்.

நாங்கள் கார் வாங்கப் போகிறோம். புதுசு இல்லை, அந்த ஆசையெல்லாம் கிடையாது. பழைய கார்தான், ஆனால் ஆட்டோமேடிக். ஏன் என்று கேட்டால் சிரிக்காதே. போன வாரம் இவருடைய நண்பரின் காரை எடுத்துக்கொண்டு குட்டியைக் காப்பகத்தில் விடப் போனேன். அந்த மேட்டுத் தெருவில் சிக்னல் விழுந்தது. கிளட்சை விட்டால் நின்றுபோகிறது, மிதித்தால் பின்னால் உருள்கிறது. பின்னால் ஒரு லாரி. குட்டி மட்டும் "அம்மா, நாம ரிவர்ஸ்ல போறோம்"னு கைதட்டுகிறாள். அன்றைக்கு லேபில் நரம்பு கிடைக்காமல் நான் இரண்டு தடவை குத்தியதைப் பார்த்து ஒரு நோயாளி, "முதல் தடவையாம்மா?" என்று கேட்டார். எத்தனை வருஷமாக ரத்தம் எடுக்கிறேன்!

மூன்று கார் பார்த்தோம். முதலாவது உள்ளே ஒரே சென்ட் வாசனை. எதற்கு இவ்வளவு என்று கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஈரம், சீட்டு போல்ட்டெல்லாம் துரு. தண்ணீரில் நின்ற வண்டி. இரண்டாவது கொஞ்சம்தான் ஓடியதாக மீட்டர் சொல்கிறது, பிரேக் மிதியில் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. மூன்றாவது கியர் மாறும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து இடித்த மாதிரி ஒரு தட்டு. இவர் என்ன செய்தார் தெரியுமா? மூன்றுக்கும் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, பெரிய டாக்டர் மாதிரி "ம்ம்" என்றார். "என்ன ம்ம்?" என்றேன். "டயர் இருக்கு"ன்னார்.

நீ சாப்பிடுகிறாயா? கிளினிக்கில் உன்னைச் சீக்கிரம் விடுகிறார்களா?

உன் பயந்தாங்கொள்ளி


பிப்ரவரி 15

என் பயந்தாங்கொள்ளிக்கு,

டயர் இருக்கு என்பதைப் படித்து கிளினிக்கில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பல்லைப் பிடுங்க உட்கார்ந்திருந்தவர் என்னை முறைத்தார். மாப்பிள்ளையை ரொம்பக் கிண்டல் பண்ணாதே, பாவம்.

நான் ஒன்று சொல்கிறேன், கேள். நீ எதற்கு ஊரான் காரையெல்லாம் மோந்து பார்த்துக்கொண்டு திரிகிறாய்? உன் அத்தானுடைய கார், அவர் போனதிலிருந்து இங்கே ஷெட்டில் சும்மா நிற்கிறது. ஆட்டோமேடிக். நாலு கதவு, பின்னால் பெரிய டிக்கி, குட்டியின் தள்ளுவண்டி மடக்காமலே போகும். எனக்கு ஓட்டத் தெரியாது, இந்த வயதில் கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் ஸ்டார்ட் பண்ணிவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறேன். மாடி வீட்டுக்காரர் அதைச் சொல்லிக் கொடுத்தார்.

மூன்று பேர் வந்து கேட்டுவிட்டார்கள். கொடுக்க மனசு வரவில்லை. உன்னிடம் என்றால் வேறு. நீங்கள் ஒதுக்கி வைத்திருப்பதில் முடிந்ததைக் கொடு, அதைப் பற்றி நமக்குள் பேச்சே வேண்டாம். மாதத்தில் ஒரு நாள் என்னை முன் சீட்டில் உட்கார வைத்து எங்காவது கூட்டிக்கொண்டு போ. அது போதும். அவர் ஓட்டும்போது நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

எப்போது வந்து எடுத்துக்கொள்கிறாய்?

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இவரிடம் காட்டினேன். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உனக்கு எவ்வளவு பெரிய மனசு.

உடனே வர ஆசைதான். இவருக்குக் கடையில் ஸ்டாக் எடுக்கிற சமயம், மருந்து ஒவ்வொன்றாக எண்ணவேண்டும், லீவு கேட்டால் முதலாளி குதிப்பார். குட்டிக்கும் சளி. கொஞ்சம் பொறுத்துக்கொள், அக்கா. அதற்குள் யாராவது காரைக் கேட்டு வந்தால் விரட்டாதே, காட்டு. சும்மா பார்த்துவிட்டுப் போகட்டுமே. வெளியில் என்ன மதிப்பு சொல்கிறார்கள் என்று தெரிந்தால் நானும் உனக்கு நியாயமாகக் கொடுத்த மாதிரி இருக்கும்.

அத்தான் மாதிரி நிதானமான மனுஷர் வைத்திருந்த வண்டி, அதற்கென்ன குறை இருக்கப்போகிறது. உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போது தேவையில்லை என்று தோன்றுகிறது. விடு.

கழுத்து வலி எப்படி இருக்கிறது? தலையணையை மாற்றினாயா?

உன் பயந்தாங்கொள்ளி


மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

சனிக்கிழமை நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எனக்கும் அப்போதுதான் புரியும்.

காலையில் ஒருவர் வந்தார். "கார் விக்கிறீங்கன்னு சொன்னாங்க, ஓட்டிப் பாக்கலாமா?" என்றார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு, சட்டை மட்டும் துவைத்து இஸ்திரி போட்டது. "விக்கிறதுக்கில்லைங்க. என் தங்கச்சிக்குக் குடுக்கப் போறேன்" என்றேன். அவர் சரி என்று திரும்பினார். நான்தான் விடவில்லை. "நீங்க மெக்கானிக்கா?" "ஆமாம்மா." "அப்ப ஒரு உதவி பண்ணுங்க. வந்தது வந்தீங்க, நல்லா ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க. சின்னக் குழந்தை ஏறப்போற வண்டி. எது கெட்டிருந்தாலும் சரி பண்ணித்தான் அவகிட்ட குடுக்கணும். என்ன கேக்கிறீங்களோ தர்றேன்."

அவர் ஏனோ வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அப்புறம் பார்த்தார். அடியில் படுத்துப் பார்த்தார், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றி ஓட்டினார். கியர் மாறும்போது தட்டுகிறது என்றார். கியர் ஆயில் அளக்கிற குச்சியை உருவி ஆயிலைத் துணியில் தொட்டுக் காட்டினார். கருகின வாசனை. "இது மாத்தி ரொம்ப வருஷம் ஆச்சும்மா. மாத்தவே இல்லைன்னுகூடச் சொல்லலாம். சார் கொஞ்சம் தள்ளிப்போட்டுட்டாரு போல. கியர் பாக்ஸைத் திறந்துதான் பாக்கணும்" என்றார்.

நான் பர்ஸைத் திறந்தேன். வேண்டாம் என்றார். கையில் திணித்தேன். "இல்லம்மா, ஏற்கெனவே வாங்கிட்டேன்" என்றார். யாரிடம் என்று கேட்டேன். சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். "உங்க தங்கச்சிதான் அனுப்பினாங்க. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னாங்க. நீங்க இப்படிப் பேசினப்புறம் எனக்கு மறைக்க முடியலம்மா."

நீ பயந்தது தப்பில்லை. உன் பெண் ஏறுகிற கார். நெஞ்சு வலியையே ஒரு வருஷம் தள்ளிப்போட்ட மனுஷன் கியர் ஆயிலையா மாற்றியிருப்பான் என்று யோசித்திருப்பாய். நியாயம்தான். அதை என்னிடம் கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று ஆளை அனுப்பினாய். அதுவும் எனக்குப் புரிகிறது.

ஆனால் நீ கேட்டிருக்கலாம். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாம் அவரைத் தங்கமான மனுஷர், தங்கமான மனுஷர் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். ஒருத்தர்கூட அவரைப் பற்றி ஒரு குறை கேட்கவில்லை. நீ கேட்டிருந்தால் நான் வாய் வலிக்கத் திட்டியிருப்பேன். கரண்ட் பில்லிலிருந்து டாக்டர் வரைக்கும் எல்லாவற்றுக்கும் "அடுத்த மாசம், அடுத்த மாசம்" என்று என்னை ஏமாற்றிவிட்டுப் போனாரே என்று. உன்னிடம்தான் அதைச் சொல்லமுடியும் என்று நினைத்திருந்தேன்.

குட்டிக்குச் சளி விட்டதா?

அக்கா


மார்ச் 8

அக்கா,

உன் கடிதம் வந்ததும் இவரிடம் காட்டினேன். இவர் "நேர்ல போய் கால்ல விழு" என்கிறார். விழத் தயார். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் ஒரு வார்த்தை வராது எனக்கு, அதனால் எழுதிவிடுகிறேன்.

உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. "அத்தான் வண்டியைச் சரியாகக் கவனித்தாரா?" என்று அந்தக் கடிதத்தில் எழுதி, கிழித்தேன். மறுபடி எழுதி, மறுபடி கிழித்தேன். அந்த ஒரு வரிக்குள், தன் உடம்பைக் கவனித்தாரா என்று நான் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது என்று உனக்குத் தெரிந்துவிடும், அதனால் பயந்தேன். யாரோ வந்து பார்த்தார், வண்டி நன்றாக இருக்கிறது என்று அவர் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டால், நான் சிரித்துக்கொண்டே வந்து எடுத்துக்கொண்டு போகலாம். நன்றாக இல்லையென்றால், வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். இப்படித்தான் கணக்குப் போட்டேன். லேபில் யார் பெயரும் எழுதாமல் நம்பர் மட்டும் ஒட்டிய குப்பியைச் சோதிப்போம். அது மாதிரி என் அக்காவைச் சோதித்திருக்கிறேன். நீ அந்த ஆளைப் பிடித்து வைத்து, என் குழந்தைக்காகக் காசு கொடுக்கப் பார்த்திருக்கிறாய்.

அந்தக் கார்தான் வேண்டும், அக்கா. கியர் பாக்ஸை நாங்கள் சரி செய்துகொள்கிறோம். மாதத்தில் ஒரு நாள் இல்லை, நீ சொல்கிற நாளெல்லாம் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அத்தானைப் பற்றி என்ன திட்டவேண்டுமோ திட்டு. நான் கேட்கிறேன். இப்போது கேட்கிறேன்.

தயவுசெய்து பதில் போடு.

உன் தங்கை


மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. கிளினிக்கில் டாக்டர் வெளியூர் போயிருந்தார், எல்லா வேலையும் என் தலையில்.

காரைக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் செய்யவில்லை, அப்படி நினைக்காதே. ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன், கிளட்ச் மிதிக்க முடியாது. வீட்டுக்காரர் காரைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அந்த அம்மா உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, நேராகக் கேட்டாள்: "தப்பா நினைக்காதீங்க, உங்க வீட்டுக்காரர் வண்டியை ஒழுங்கா வச்சிருந்தாரா?"

இல்லை என்றேன். கியர் ஆயிலைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. டாக்டரைப் பார்க்க நான் வாங்கி வைத்த சீட்டை அவர் தலையணைக்கடியில் மறைத்து வைத்ததைச் சொன்னேன். கடைசி நாள்கூட "நாளைக்குப் போலாம், என்ன அவசரம்" என்றதைச் சொன்னேன். நான் கத்தியதைச் சொன்னேன். போட்ட டீ ஆறிப்போயிற்று. அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு இருக்கு, அதோ டயரைத் தட்டிக்கிட்டு நிக்குது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

விலையைக் குறைத்துத்தான் கொடுத்தேன். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, உன்னிடமும்தான். நீ கேட்கிறேன் என்று எழுதியதைப் படித்தேன். வேறொரு சமயம் பார்க்கலாம்.

உங்களுக்கு நல்ல காராக அமையட்டும்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்கா,

நீ பதில் போடவேண்டும் என்று இதை எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வாங்கின காரை எடுத்துக்கொண்டு வந்தோமே, உனக்கு ரொம்ப நன்றி. எவ்வளவு செய்தாய். குட்டிக்குக் கவுன், இவருக்குப் பிடித்ததாகச் சமையல், எனக்கு வாசல்வரை வந்து வரவேற்பு. கப்பெல்லாம் அலமாரியின் மேல் தட்டில் இருப்பதை எடுத்திருந்தாய். வெளி ஆட்கள் வந்தால் எடுப்பது. நான் வழக்கம்போல அடுக்களைக்குள் வந்தேன், "நீ எதுக்கு? போய் உக்காரு, ஃபேன் போட்டிருக்கேன்"னு என்னைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டாய்.

காரைப் பற்றிக் கேட்டாய். எங்கே வாங்கினோம், யார் வைத்திருந்தது, எவ்வளவு ஓடியது. எல்லாம் சொன்னேன். ஆட்டோமேடிக்தான், ஒரு வாத்தியார் வைத்திருந்தது, நாள் தவறாமல் சர்வீஸ் விட்டிருக்கிறார், அதே மெக்கானிக்தான் பார்த்தார், தேடினாலும் குறை இல்லை என்றார். முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாய். தெருமுனைவரை போய் வந்தோம். "சத்தமே இல்லை. நல்ல வண்டி" என்றாய். கதவை மெதுவாகச் சாத்தினாய்.

அத்தான் பேச்சை நீ எடுக்கவில்லை. நானாவது எடுத்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, அக்கா. நீ பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய், கூடத்தில் யாரும் இல்லை, அப்போதே கேட்டிருக்கலாம். குட்டி தூக்கத்துக்குச் சிணுங்குகிறாள், கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டேன். அவள் சிணுங்கவேயில்லை.

கிளம்பும்போது இவரைப் பின்னால் குட்டியோடு உட்கார வைத்துவிட்டு நான்தான் ஓட்டினேன். நீ கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நாங்கள் போனதும் சாத்தலாம் என்று. நான் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு இருந்தேன், நீ உள்ளே போனதும் போகலாம் என்று. பக்கத்துச் சீட்டு காலியாகத்தான் இருந்தது. வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பாயோ என்னவோ. இவர் பின்னாலிருந்து "என்ன, ஸ்டார்ட் ஆகலையா?" என்றார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அப்புறம் காலை எடுத்தேன். வண்டி தானாகவே நகர்ந்தது.

உன் தங்கை