டிராக்டர் ஓட்டும் நெஞ்சு

கான்சாபுரம்,
8.8.2024

அன்புத் தம்பி வேல்பாண்டிக்கு,

அக்காவின் ஆசி. உன் ராணுவ முகாமில்தான் செல்போன் டவரே கிடையாதே, அதனால் கடிதம். மதுரையில் என் நெஞ்சில் வைத்த பேஸ்மேக்கர் நன்றாக வேலை செய்கிறது. இதயம் சுணங்கினால் தட்டி எழுப்புகிறது; தானாகத் துடித்தால் சும்மா இருக்கிறது. இப்போது தலைசுற்றல் இல்லை, நன்றாக நடக்கிறேன்.

ஒரே குறை. டாக்டர் வேலைக்குப் போகலாம் என்றதும் டிராக்டரில் ஏறினேன். உழ ஆரம்பித்தால் நெஞ்சு படபடவென்று ஓடுகிறது, இறங்கினால் அடங்குகிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

வெங்கடேஸ்வரி

முகாம்,
19.8.2024

அன்புள்ள அக்கா,

படித்ததும் சோறு இறங்கவில்லை. அத்தான் போன பிறகு நீ ஒற்றை ஆளாய் உழுதது போதும். டிராக்டரைப் பாண்டிதுரை சித்தப்பாவுக்கு விற்றுவிடுவோம். அவருக்கும் எழுதிவிட்டேன். கோபப்படாதே.

வேல்பாண்டி

கான்சாபுரம்,
2.9.2024

தம்பிக்கு,

கோபம்தான். சித்தப்பா தினமும் வந்து டயரை உதைத்துப் பார்க்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

மதுரைக்குப் போனேன். ஆபரேஷனின்போது என்ன வேலை என்று கேட்டதற்கு விவசாயம் என்றிருந்தேன். நாற்று நடுகிறவள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். இப்போது டிராக்டர் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். "உடம்பு அசையிறத வச்சுத்தான் இது துடிப்பக் கூட்டும்மா. டிராக்டர் குலுக்குறத நீங்க ஓடுறதா எடுத்துக்கிடுச்சு" என்றார். கத்தியே படவில்லை. நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்து, அது அசைவை உணர்கிற அளவைக் கம்ப்யூட்டரில் குறைத்தார். என் வண்டிக்குத் தக்கபடி என் நெஞ்சைத் திருத்தியிருக்கிறார், தெரிந்துகொள்.

நேற்றுக் கிணற்றடி வயலை முழுக்க உழுதேன். நெஞ்சு அதுபாட்டுக்கு இருந்தது. எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. விற்கிற பேச்சோடு லீவில் வருவதாக இருந்தால் வராதே.

வெங்கடேஸ்வரி

முகாம்,
13.9.2024

என் அக்காவுக்கு,

விற்பனை கிடையாது என்று சித்தப்பாவுக்கு எழுதிவிட்டேன். உன் கடிதத்தை இந்தியில் சொல்லச் சொல்லி இங்கே எல்லோரும் கேட்டார்கள். இரண்டு தடவை சொன்னேன்.

இருபத்தெட்டாம் தேதி காலை ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்குகிறேன். ஆட்டோ வேண்டாம். நீயே டிராக்டரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா. யூனிபாரத்தோடு உன் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்து ஊருக்குள் வருவேன். சித்தப்பா வீட்டு முன்னால் மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓட்டு.

உன் தம்பி
வேல்பாண்டி