ஏழாம் இலக்கத்துக்கு நேரே

திங்கள், 3
விடியத் தொட்டே தூறல். வாடைக் காற்று. காயப்போட்ட உடுப்பு எல்லாம் உள்ளே.

மீனவர் சங்கத்து வேலை, வீட்டிலிருந்தே. ஜவ்பர் நானா சங்கத்தில் இருந்து படகுகளை ரேடியோவில் கேட்டு அட்டவணையில் போடுவார்: படகு இலக்கம், போன நாள், கடைசியாகக் கதைத்த நேரம், வந்த நேரம். ஏஐ அதை வாசித்து வீடுகளுக்குப் போகும் செய்தியை எழுதும். நான் வசனம் வசனமாக ஒத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். இன்று இரண்டு பிழை. இரண்டாம் இலக்கத்தின் நேரம் ஐந்தாம் இலக்கத்துக்குப் போய்விட்டது. பிறகு "கடல் அமைதியாக உள்ளது" என்று ஒரு வசனம். கடலைப் பற்றி அட்டவணையில் ஒரு கட்டமும் இல்லை. எங்கே போய்ப் பார்த்ததாம்?

என் கணவர் ஏழாம் இலக்கப் படகில். போய் இரண்டு நாள்.

வாங்க: சீனி, பருப்பு, மகளின் பள்ளிக்கு நாலு கொப்பி.

புதன், 5
கல்முனையிலிருந்து ஏஐயைப் பராமரிக்கிற தர்ஷினியோடு போனில் ஒரு மணித்தியாலம். இனி ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் அது எந்தக் கட்டத்தில் இருந்து வந்தது என்று காட்ட வேண்டும். கட்டம் காட்டாத வசனம் வெட்டு. பிழை நன்றாகக் குறைந்தது.

ஏழாம் படகு நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு ரேடியோவில் கதைத்ததாம். "எல்லாரும் சுகம்" என்றார் நானா. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. வரட்டும், முதலில் ஒரு சண்டை பிடிப்பேன். மறுகா சோறு.

வெள்ளி, 7
வியாழன் மஃரிப் தொழுகைக்குள் எங்கள் படகுகள் கரைக்கு வந்துவிடும். வெள்ளியில் யாரும் கடலில் நிற்பதில்லை. நேற்றிரவு இவரின் சோறு மூடினபடியே.

காலையில் ஏஐ எழுதியது: "ஜும்ஆவுக்கு முன் ஏழு படகுகளும் கரை சேர்ந்தன."

வாசித்ததும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசல் கேற் வரைக்கும் ஓடினேன். பிறகுதான் வேலை ஞாபகம் வந்தது. திரும்பிவந்து அட்டவணையைப் பார்த்தால் ஏழுக்கு நேரே 'வந்த நேரம்' கட்டம் காலி.

தர்ஷினி: "கட்டத்தக் காட்டித்தான் இருக்கு அக்கா. ஆனா உள்ளுக்கு ஒண்டுமில்ல. பழைய வெள்ளிச் செய்தி எல்லாத்திலயும் வந்த எண்டுதானே இருக்கு, அதப் பாத்து இதையும் எழுதிட்டுது."

மாமியும் மகனைப் பற்றி அதையேதான் சொல்கிறா. "வெள்ளிக்கிழம வராம எங்க போற கா? வந்திரிப்பான், ஐஸ் எறக்கிற இடத்தில நிப்பான்."

"ஆரு கண்ட மாமி?"

மாமி எழும்பி அடுப்படிக்குப் போனா.

அந்த வசனத்தை அழிக்கக் கை வரவில்லை. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு "ஆறு படகுகள்" என்று திருத்தி அனுப்பினேன்.

சனி, 8
சங்கத்துக்குப் போய் நானாவிடம் நேரே கேட்டேன். "ஏன் நானா காலியா உடுற? 'வரல்ல' எண்டு போட்டா அதுக்கு விளங்கும்."

"அந்தச் சொல்லப் படகுக்கு நேர எழுதுறல்ல புள்ள. எங்கட வாப்பாவும் எழுதினல்ல."

கோபத்தில் வந்துவிட்டேன். பெரிய ஆள்! வீட்டில் இருந்து நானே எழுதப் பார்த்தேன். 'வ' மட்டும் அடித்தேன். அழித்தேன்.

காலிக் கட்டத்தைப் பற்றி ஒன்றுமே எழுதாதே என்று ஏஐக்குச் சொல்லிவிடலாமா என்கிறாள் தர்ஷினி. அப்படியென்றால் ஏழில் போன ஐந்து பேரின் வீட்டுக்குச் செய்தியே இல்லை. அது சரிவராது. ஒரு சொல் வேண்டும். பொய்யில்லாத சொல்.

மாலை மாமி: "ஆரும் கேட்டா என்ன கா செல்ற?"

"வர இரிக்கி எண்டு செல்லுங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே பிடிபட்டது, தேடிய சொல் அதுதான் என்று. உடனே நானாவுக்குப் போன். அவர் அந்தச் சொல்லைத் தானும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "ஓம். அது எழுதலாம். நீங்களே போடுங்க புள்ள."

ஞாயிறு, 9
மழை. கரைப்பக்கம் யாரும் இல்லை.

வந்த நேரம், ஏழாம் இலக்கம்: 'வர இருக்கு'. அடித்தேன்.

ஏஐ: "ஏழாம் இலக்கப் படகு இன்னும் வர இருக்கிறது. கடைசியாகக் கதைத்தது செவ்வாய், அஸருக்குப் பின்."

கட்டம் கட்டமாக ஒத்துப் பார்த்தேன். இரண்டாம் தரமும் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. இன்றைக்கு மட்டும் ஒன்று இருந்திருக்கலாம், யா அல்லாஹ்.

எல்லா வீட்டுக்கும் அனுப்பினேன். என் போனுக்கும் வந்தது.