ஜாஸும் பேஸ்போலும் அம்மாவின் விளம்பரமும்

ஸ்காபரோ
24.08.1993

அன்பு மகள் மயூரிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்காலையும் எங்கள் காரின் சைலென்சரையும் விட்டால் இங்கே எல்லாம் சுகம், நல்லூரான் கிருபையில் நீயும் ஹலிபாக்ஸில் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இரண்டு பேரின் வேண்டுதலும். என்ன அப்பா திடீரென்று கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். என்ன செய்ய, போன் எடுத்தால் உன் மெஷின்தான் கதைக்கிறது. நீ இங்கிலீஷில் மரியாதையாகப் பெயரையும் நம்பரையும் விடச் சொல்கிறாய், நானும் ஒவ்வொரு முறையும் அப்பா கதைக்கிறன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன், மெஷினோடு கதைக்க எனக்குக் கூச்சம். அம்மா அதுவும் செய்யமாட்டா, உன் குரலைக் கேட்டுவிட்டு அந்தப் பீப் சத்தம் வரமுதல் வைத்துவிடுவா. இப்படியே ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது பிள்ளை. கடிதம் என்றால் நீ பிரிக்காமல் விடமாட்டாய், சின்ன வயதிலேயே வீட்டுக்கு வருகிற கரண்ட் பில்லைக்கூடப் பிரித்து வாசிக்கிற ஆள் நீ. இதில் ஏச்சு ஒன்றும் இல்லை, பயப்படாமல் கடைசி வரை வாசி.

முதலில் அந்த விளம்பரக் கதை, உனக்குத் தெரிந்தது பாதிதான். லோயர் ஆகிற சோதினை எப்படி என்று அம்மா கேட்டதற்கு நல்லாச் செய்தனான் அம்மா என்று நீ போனில் சொன்னாயல்லவா, எங்கள் சனத்துக்கு நல்லாச் செய்தனான் என்றால் பாஸ் என்றுதான் அர்த்தம், மறுமொழி என்று சோதினை முடிவு வருவது வெறும் சடங்கு. அந்தக் கிழமை பார்த்து கமலாம்பிகை அக்காவின் மகன் டொக்டர் ஆனதற்குத் தமிழ்ப் பேப்பரில் அரைப்பக்க வாழ்த்து வந்தது. அக்காவை உனக்குத் தெரியும், அஜின்கோர்ட்டில் இருக்கிறவ, அம்மாவோடு ஊரில் ஒரே வகுப்பில் படித்தவ, வகுப்பில் யார் முதலாம் பிள்ளை என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அம்மா அந்தப் பக்கத்தை இரண்டு நாள் எடுத்து எடுத்துப் பார்த்தா. பிறகு நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து, சுவரில் இருந்த உன் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றிக்கொண்டு பஸ் பிடித்துப் பத்திரிகைக் கந்தோருக்குப் போயிருக்கிறா. நான் அதைக் கண்டது கடையில் பேப்பர் எடுத்தபோதுதான். சட்டத்தரணி செல்வி மயூரி பத்மநாதன் என்று பெரிய எழுத்து, சுற்றிவர ரோசாப்பூ, கீழே அப்பா, அம்மா மற்றும் கனடா, லண்டன், ஜேர்மனி வாழ் உறவினர்கள் என்று போட்டிருந்தது. ஜேர்மனியில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. அம்மா ஒரு பிரதியை லண்டன் பெரியம்மாவுக்கு அனுப்ப, பெரியம்மா அந்தப் பக்கத்தை வெட்டி ஒரு வாழ்த்து மட்டைக்குள் வைத்து உனக்கே அனுப்ப, அது உன் கைக்கு வந்தது மறுமொழி வந்த கிழமையிலேயே. நான் பெயில், பேப்பரில ஏன் போட்டனீங்கள், இனி ஆரின்ர முகத்தில முழிக்கிறது என்று எங்கள் மெஷினில் நீ விட்ட செய்தியை அம்மா அழிக்கவும் விடவில்லை, திரும்பக் கேட்கவும் இல்லை. உண்மையைச் சொன்னால், நீ சோதினையில் தவறியது எனக்கு ஒரு துளியும் கவலை இல்லை. எங்களோடு கதைக்காமல் விட்டாயே, அதுதான் நெஞ்சுக்குள் கிடந்து குடைகிறது.

எனக்கு வழக்கமான ஓட்டம்தான், விடிய மிசிசாகா, பின்னேரம் ஸ்காபரோ, நடுவில் 401 ஹைவே. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவனுக்குக் காருக்குள் இருக்கிற நேரம்தான் சொந்த நேரம். வீட்டுக்குள் ஜாஸ் போட எனக்குத் தடை என்று உனக்குத் தெரியும். கொழும்பில் போர்டிங்கில் இருந்த காலத்தில் சிற்றலை ரேடியோவில் காதை ஒட்டிவைத்துப் பிடித்த பைத்தியம் இது, கலியாணம் முடித்த புதிதில் ஆசையாகப் போட்டுக் காட்டினால் அம்மா, உது ஆரோ சைக்கிளுக்குக் காத்தடிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு என்றா, இன்று வரை அந்தத் தீர்ப்பில் மாற்றமில்லை. நீ கல்பனா ஸ்வரம் பாடுகிறபோது இதைத்தானே செய்கிறாய், மனம் போன பக்கமெல்லாம் போய்விட்டுச் சரியான இடத்துக்குத் திரும்பி வருகிறாய் என்று நான் வாதாடினால், அது வேறை உது வேறை என்று கதவைச் சாத்திவிடுவா. ஆகவே என் கச்சேரி காருக்குள். கோடையில் ஒரு ரேடியோ ஸ்ரேசனில் ஜாஸ் போகும், இன்னொன்றில் பேஸ்போல் போகும், நான் இரண்டுக்கும் நடுவில் பொத்தானை அமத்தி அமத்தி வந்து சேருவேன். பேஸ்போலை ரீவியில் பார்ப்பதைவிட ரேடியோவில் கேட்பதுதான் சுகம். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் ஒன்றுமே நடக்காது, வர்ணனைக்காரர் தான் மத்தியானம் சாப்பிட்டதையும் வானத்து முகிலையும் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார், மெதுவான ஜாஸ் பாட்டில் இருக்கிற அதே அவசரமில்லாமை. கிரிக்கெட்காரர் இதைக் குறை சொல்லக்கூடாது, ஐந்து நாள் விளையாடி வெற்றியும் இல்லாமல் தோல்வியும் இல்லாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற கூட்டம் அது. கிரிக்கெட் பைத்தியமான உன் மாமாவிடம் நான் இப்படி எழுதினேன் என்று சொல்லிவிடாதே.

போன மாதம் பஸ்ரியனோடு ஏரிக்கரையில் ஒரு இலவசக் கச்சேரிக்குப் போனேன். பஸ்ரியன் என்னோடு வேலை செய்கிற பாசையூர்க்காரர், அங்கே கோயில் பாண்டில் ட்ரம்பெற் ஊதினவர், எனக்குத் தெரிந்த தமிழருக்குள் ஜாஸ் பற்றிக் கதைக்க இருக்கிற ஒரே ஆள். அன்றைக்குச் சாக்ஸபோன் ஊதினது ஒரு வயதான கறுப்பு மனிசன். நல்லாப் போய்க்கொண்டிருந்த பாட்டில் திடீரென்று வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மறந்துபோனார் என்று நினைத்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் பின்னால் அந்தப் பெரிய பேஸ் வாத்தியக்காரன் நிறுத்தவில்லை, தன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தான், ட்ரம்காரனும் கையைக் குறைத்துக்கொண்டு விடாமல் போனான், மனிசனுக்கு மனம் வந்தபோது நேராக உள்ளே வந்து சேர்ந்தார். பஸ்ரியன் எழும்பி நின்று கைதட்டினார். எனக்குக் கை தட்ட வரவில்லை, உன் நினைப்பு வந்துவிட்டது. பிள்ளை, நீ எவ்வளவு காலமும் பேசாமல் நில், நாங்கள் பின்னால் வாசித்துக்கொண்டுதான் இருப்போம், ஆனால் எங்களுக்கு நீ மேடையில் நிற்பது தெரிய வேண்டும். நீ சாப்பிடுகிறாயா, வேலைக்குப் போகிறாயா என்றுகூடத் தெரியாமல் இருப்பது பெரிய பயம்.

அம்மாவைப் பேஸ்போலுக்குக் கூட்டிக்கொண்டு போன கதையை நீ நம்பமாட்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான மட்சுக்குப் பஸ்ரியன் எனக்கும் சேர்த்து ரிக்கற் எடுத்து வைத்திருந்தார், அவருடைய மனுசி பேர்ணடெற்றுக்குக் காய்ச்சல் வந்ததில் ஒன்று மிஞ்சியது. அம்மா போனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, நிலக்கடலை நல்லா இருக்கும் வா என்று ஏதோ சொல்லி இழுத்துக்கொண்டு போனேன். ஸ்கைடோம் மைதானத்தின் கூரை திறந்திருந்தது, அம்மா சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு, உவை ஏன் ஓடாமல் நிக்கினம், மழை வந்தால் கூரையை ஆர் பூட்டுறது என்று கேட்டுக்கொண்டிருந்தா. நாலாவதோ ஐந்தாவதோ இன்னிங்ஸில் எங்கள் ரொறன்ரோ ஆள் ஒருவன் தரையோடு உருட்டி ஒரு பந்தை அடித்தான். எதிர் அணியில் நடுவில் நின்ற ஒரு இளம் பெடியன் குனிந்தான், பந்து அவன் காலுக்கு நடுவால் போய்விட்டது. எங்களுக்கு ஒரு ஓட்டம், அவ்வளவு சனமும் எழும்பி நின்று ஆரவாரம். நான் அம்மாவுக்குப் பலகையைக் காட்டி விளங்கப்படுத்தினேன், முதலாவது எத்தனை ஓட்டம், இரண்டாவது எத்தனை அடி, மூன்றாவது எத்தனை பிழை, இப்போது அந்தப் பெடியனின் பிழையை ஏற்றியிருக்கிறார்கள் என்று. அம்மாவின் முகம் மாறிவிட்டது. உவ்வளவு சனத்துக்கு முன்னால பிழையெண்டு எழுதிப் போடுறாங்களோ, உந்தப் பிள்ளையின்ர தாய் பாத்துக்கொண்டிருந்தா என்ன செய்வா என்று என் கையைப் பிடித்தா. இனி அவனை வீட்டை அனுப்பிப்போடுவினமோ என்றா. இல்லை, அந்த இடத்திலேயே நிற்பான், அடுத்த பந்தும் அவனிடம் வரலாம் என்றேன். அதற்குப் பிறகு அம்மா வேறு ஒருவரையும் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்து ஒரு பந்து உயரமாக மேலே போய் அவன் பக்கமே இறங்கியது, லேசான பந்து, எவனும் பிடிப்பான், அவனும் பிடித்தான். எங்கள் ஆள் அவுட், மைதானமே சத்தமில்லாமல் இருக்கிறது, உன் அம்மா ஒராள் மட்டும் எழும்பி நின்று கை தட்டுகிறா. முன்னுக்கு இருந்த வெள்ளைக்காரன் திரும்பிப் பார்த்தான், பஸ்ரியன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். திரும்பி வருகிற வழியில் நான் துணிந்து ஜாஸ் போட்டேன், அம்மா நிப்பாட்டச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை அஜின்கோர்ட்டில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீடு. நான் போகவேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் அந்த விளம்பரம் வந்த நாளிலிருந்து எங்கே போனாலும் வாழ்த்து, நாங்களும் ஓம் ஓம் என்று சிரித்துத் தப்பிக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு மேசையில் கமலாம்பிகை அக்கா எங்களுக்கு நேரே வந்து இருந்தா. அவவின் குரல் உனக்குத் தெரியுமே, மைக் தேவையில்லை. அம்மாவைப் பார்த்து, குணம், இனி எங்கட வீட்டு வழக்கெல்லாம் மயூரிக்குத்தான் என்றா. நான் வழக்கம்போல ஓம் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையிலிருந்த வடையைக் கீழே வைத்தா. இல்லை கமலாம்பிகை, பிள்ளை இந்த முறை சித்தியடையேல்லை, மறுமொழி வரமுதல் பேப்பரில போட்டது நான், பிள்ளையில ஒரு பிழையும் இல்லை, பிழை என்ர என்றா. அக்காவின் குரலுக்குக் குறையாத சத்தம். அடுத்த மேசைக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். கமலாம்பிகை அக்கா அம்மாவின் பக்கம் குனிந்து, என்ர பெடியும் ரெண்டாந்தரம் எழுதித்தான் பாஸ் குணம், அதை நான் பேப்பரில போடேல்லை என்று மெதுவாகச் சொன்னா. இரண்டு பேரும் ஒருவர் இலைக்கு ஒருவர் பாயசம் வார்த்துக்கொண்டார்கள். எனக்கு உன் அம்மாவில் அன்றைக்கு வந்த மதிப்பை எழுதத் தெரியவில்லை, இத்தனை வருசம் கூட இருந்தும் அவவுக்குள் இவ்வளவு துணிவு இருந்தது எனக்குத் தெரியாது.

இனித்தான் முக்கியமான சங்கதி. அம்மா ஹலிபாக்ஸுக்கு வருகிறா. தனிய. ரொறன்ரோவில் சப்வே மாறுவதற்கே என்னைத் தேடுகிற ஆள், யூனியன் ஸ்ரேசனுக்குத் தானே போய் ரயில் ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்துவிட்டா. செப்ரெம்பர் 4, சனிக்கிழமை காலை இங்கே ஏறி, மொன்றியலில் மாறி, ஞாயிறு பின்னேரம் அங்கே இறங்குவா. அடுத்த நாள் லேபர் டே, உனக்கும் லீவுதான். உனக்குச் சொன்னால் வேண்டாம் என்பாய் என்று சொல்லாமல் வரத்தான் திட்டம், நான் எழுதுவது அவவுக்குத் தெரியாது. மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் இப்போதே பெட்டிக்குள் போய்விட்டன, உடுப்புக்கு இடமில்லை. திரும்பப் படி, எப்போது எடுக்கிறாய் என்று ஒன்றும் கேட்கமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து தந்திருக்கிறா, அது எத்தனை நாள் நிற்கும் என்று நான் பொறுப்பெடுக்கமாட்டேன். நீ சோதினையைத் திரும்ப எழுதுவதோ விடுவதோ உன் விருப்பம் பிள்ளை. விடிய வெறும் கோப்பியோடு வேலைக்கு ஓடாதே, இரவில் கதவைப் பூட்டினாயா என்று இரண்டாம் தரம் பார். அம்மாவின் பெட்டியின் அடியில் உனக்காக ஒரு ஜாஸ் கசற் ஒளித்து வைத்திருக்கிறேன், தனிய இருக்கிற நேரம் கேள்.

ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிறு பின்னேரம் நேரத்தோடு ஸ்ரேசனுக்குப் போய் நில். மூன்று நாளாக அம்மா குசினிக்குள் தனிய நின்று உனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்க்கிறா. என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை என்று தொடங்குகிறா, அதற்கு மேல் போக வருகுதில்லை, அழுகிறா, பிறகு துடைத்த அடுப்பையே திரும்பவும் துடைக்கிறா. எங்கள் சனத்தில் எந்தத் தாய் பிள்ளையிடம் இப்படிக் கேட்டிருக்கிறா, அவவுக்கு அந்த வசனம் பழக்கமில்லை. நீ அதைக் கேட்கக் காத்து நிற்காதே. அவ ரயிலால் இறங்கி வாய் திறக்கமுதல், ஓடிப்போய்க் கட்டிப்பிடி.

நீ நீடூழி சுகமாக வாழ நல்லூரானை வேண்டும்,
உன் அன்பு அப்பா
க. பத்மநாதன்